நான்கு நிமிடம் முன்னதாக

ஜனவரி 9

அன்புள்ள குண்டூசிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐம்பதைத் தொடப்போகும் தங்கையை இன்னும் குண்டூசி என்று கூப்பிடலாமா என்று யோசித்தேன். நீ குத்துவதை நிறுத்து, நானும் நிறுத்திவிடுகிறேன்.

எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் அட்டைப்பெட்டியோடு விற்பது சரிப்படாது. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற நீயே ஒவ்வொரு பாகமாகப் பார்த்தெடுத்துக் கோத்துத் தர வேண்டும். நான் இருக்கும் பள்ளத்தாக்கு உனக்குத் தெரியும். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடிக்கிற ஏழு மாடி உயர டிஷ். பக்கத்தில் ஒரு செல்போன் இருந்தாலே அதற்குக் குழப்பம் வந்துவிடும். அதனால்தான் இங்கே செல்போனும் கிடையாது, வைஃபையும் கிடையாது. வாரம் ஒருமுறை வரும் சாமான் வேனில்தான் கடிதம் போகிறது. சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இரும்புத் தகடு அடித்த ஓர் அறையில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு தட்டு. என் தட்டின் அகலம் 20 சென்டிமீட்டர், உயரம் 34, ஆழம் 35. அதற்குள் அடங்க வேண்டும்.

எதற்கு என்று கேட்பாய். தினமும் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை டிஷ்ஷை நேரே உச்சி வானத்தைப் பார்க்க நிறுத்திவிட்டு கிரீஸ் போடுவோம். அந்த இரண்டு மணி நேரமும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பதிவு ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். இரைச்சல் கோட்டுக்குள் சீப்புப் பல் மாதிரி ஒரே இடைவெளியில் என்னவோ வருகிறது. போன வருடமும் இதே மாதங்களில் வந்தது. ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் தெரியவில்லை.

அது வானத்திலிருந்து வருகிறதா, பூமியிலிருந்தா? இது தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வருடப் பதிவு டிஸ்க்குகளையும் இந்த ஜூன் 30 அன்று அழித்துவிடுவார்கள். அதுவரை இரும்பு அறைக்குள் இரவல் வாங்கி ஓட்டிப் பார்க்கலாம், நகல் எடுக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

குண்டூசி குத்திக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குச் சளி பிடித்துப் போய்விட்டது, சின்னவனுக்கு இப்போது பிடித்திருக்கிறது.

உன் அளவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். அதற்குள் ஒரு முழு மெஷினைக் கட்டுவது ஒற்றை அறை வீட்டில் கூட்டுக்குடும்பம் நடத்துகிற கதைதான். ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்க வேண்டும். மதர்போர்டு மட்டும் முடிவாகிவிட்டது. பதினேழு சென்டிமீட்டர் சதுரம், இருப்பதிலேயே சின்னது. மற்றதை எடுக்க மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஒன்று, அந்தப் பதிவை வைத்துக்கொண்டு மெஷின் என்ன கணக்குப் போட வேண்டும்? இரண்டு, அங்கே இத்தனை விஞ்ஞானிகள் இருக்கிறார்களே, அவர்களிடம் காட்டினால் அரை நாளில் சொல்லிவிட மாட்டார்களா? மூன்று, சாப்பாட்டுக் கூடத்தில் கம்பி போன் ஒன்று இருக்கிறதென்று நீதானே சொன்னாய். உன் குரலைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன் மாப்பிள்ளை, "உங்கண்ணனுக்கு எம்மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டே விட்டார்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 6

அன்புள்ள குண்டூசிக்கு,

சின்னவனின் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளை மேல் எனக்கென்ன கோபம்? போனுக்கு எப்போதும் வரிசை, அவ்வளவுதான்.

கணக்கைச் சொல்கிறேன். சீப்புப் பல் ஒன்றே கால் விநாடிக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள். முழுப் பதிவையும் அதே அளவுத் துண்டுகளாக நறுக்கி, ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இரைச்சல் தாறுமாறாக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நிஜமாக இருப்பது மட்டும் மேலே எழும்பும். ஒன்றே கால் என்பதும் என் உத்தேசம்தான். சரியான அளவு கிடைக்கும் வரை லட்சம் விதமாக நறுக்கிப் பார்க்க வேண்டும்.

அது எழும்பினால் அடுத்த சோதனை. நம் கடிகாரம் சூரியனைப் பார்த்து ஓடுகிறது. நட்சத்திரம் நம் கடிகாரத்தை மதிப்பதில்லை, தினமும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடும். இன்று பன்னிரண்டே முக்கால் என்றால் நாளை பன்னிரண்டு நாற்பத்தொன்று. மனிதனோ மனிதன் வைத்த இயந்திரமோ இப்படி வராது. நான்கு நிமிடம் நகர்ந்தால் வானம், நகராவிட்டால் பூமி.

இருபத்திரண்டு வருடமாக இந்த டிஷ்ஷுக்கு கிரீஸ் போடுகிறேன். போன வாரம் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். சுள்ளென்று வெயில், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த வெயிலுக்கு மேலேயும் நட்சத்திரங்கள் வரிசையாகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவை அனுப்புவது என் தொப்பி மேலும் கிரீஸ் டப்பா மேலும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஸ்பீக்கர் எதுவும் போட வேண்டாம். வீண்.

உன் அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். இரண்டாவது கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டாய். பரவாயில்லை, குறித்து வைத்திருக்கிறேன்.

மெஷின் தயார். லட்சம் விதமாக நறுக்குகிற வேலையை ஒரே ஆள் செய்ய முடியாது, ஆயிரம் பேர் வரிசையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். அது கிராபிக்ஸ் கார்டின் வேலை. நான் எடுத்த கார்டு இருபத்தாறு சென்டிமீட்டர் நீளம். உள்ளே வைத்தால் முன்பக்க ஃபேனில் முட்டியது. ஃபேனைக் கழற்றினேன். பிறகு கரண்ட் ஒயர் வளைய இடமில்லை. பவர் சப்ளையைத் திருப்பிப் போட்டேன். பிராசஸர் மேல் வைக்கிற கூலர் நாலரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் மூடி மூடாது. மூன்று கூலர் மாற்றினேன். கடைசியில் மூடி "டக்"கென்று உட்கார்ந்தபோது அரை சென்டிமீட்டர் மிச்சம். கடையில் தனியாகத்தான் இருந்தேன், கைதட்டிக்கொண்டேன்.

நீ வானத்தைப் பார்த்துச் சிலிர்த்ததைப் படித்துவிட்டு நானும் பிராசஸரைக் கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சில்லு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதில் ஆயிரம் கோடி ஸ்விட்ச்சுக்குக் குறையாது. இருபத்து நான்கு வருடமாகத் தினமும் இதைத் தொடுகிறேன், காய்கறி மாதிரி எடுத்துப் போடுகிறேன். அன்றைக்குத்தான் வாயைப் பிளந்தேன். மூச்சுக் காற்றுப் பட்டுவிடுமோ என்று பயந்து கீழே வைத்தேன்.

அதனால் உனக்கு ஒரு பரிசு. பக்கத்துத் தகடு முழுக்கக் கண்ணாடி. உள்ளே நடப்பதை நீ பார்க்க வேண்டும். வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கை


மார்ச் 15

அன்புள்ள குண்டூசிக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம். மெஷின் சுகமில்லை.

இங்கே எந்தச் சாதனம் வந்தாலும் முதலில் நிசப்த அறை என்ற ஒன்றில் வைத்துச் சோதிப்பார்கள். சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்பு நுரைக் கூம்புகள். எந்த அலையும் உள்ளே வராது, வெளியே போகாது. உன் மெஷினை நடுவில் வைத்து ஓடவிட்டார்கள். உள்ளே நீ ஒயர்களைப் பின்னியிருந்த அழகைப் பார்த்துச் சோதனைக்காரர் அசந்துபோனார். அப்புறம் திரையைப் பார்த்தார். கோடு பொங்கின பால் மாதிரி மேலே வந்துவிட்டது.

"சார், இது கண்ணாடி இல்ல, தொறந்து வெச்ச கதவு. உள்ள இருக்கற அத்தனை சத்தமும் இது வழியா வெளிய வருது" என்று எழுதியே காட்டினார். மதர்போர்டில் ஒட்டியிருக்கும் வைஃபை சில்லு வேறு தன் பங்குக்குக் கத்துகிறதாம்.

தப்பு என்னுடையது. கண்ணாடியைப் பற்றி உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். ஒளி போகிற வழியில் ரேடியோவும் போகும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அதைத் திருப்பிக் கட்டுமுன் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தங்கை கட்டியது என்று எல்லோரிடமும் சொன்னேன். வேனில் திரும்பி வருகிறது.

உன் அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை நேராகவே செய்கிறேன். மெஷினை இறக்கிவைத்த வேன்காரருக்குத் தண்ணீர் கொடுத்தேன். உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"உங்கண்ணனா? தங்கமான மனுசன்மா. ஆனா பின்னாடி நின்னு கூப்ட்டா திரும்ப மாட்டாரு, தோளத் தொடணும். ஹாரன் அடிச்சாலும் நகர மாட்டாரு. ரெண்டு வாட்டி பிரேக் போட்டிருக்கேன்" என்றார்.

சோதனைக்காரர் எதற்கு எழுதிக் காட்ட வேண்டும்? ஸ்பீக்கர் ஏன் வீண்? போனுக்கு ஒரு வருடமாகவா வரிசை? உனக்குக் காது கேட்கவில்லையா, அண்ணா?

நீ எங்களை ஒதுக்கிவிட்டாய் என்று நினைத்திருந்தேன். வாய்விட்டே திட்டியிருக்கிறேன். கஷ்டமாக இருக்கிறது. எழுது.

உன் தங்கை


மே 11

அன்புள்ள தங்கைக்கு,

நீ கடிதம் எழுதி ஆறு வாரமாகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று இதுவரை எழுதியது பாதிதான் உண்மை.

காது போய்விட்டது. வலது காது முழுக்க, இடது முக்கால்வாசி. போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் விடுமுறை எடுத்துப் போய் ஒரு காதுக் கருவி வாங்கினேன். தலைமுடிக்குள் மறைந்துகொள்ளும் சின்னது. அதைப் போட்டும் போனில் ஒரு வார்த்தை புரிவதில்லை. முகம் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது.

இங்கே வருடா வருடம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உடம்பில் மின்சாரச் சாதனம் ஏதும் இருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு தடவை "இல்லை" என்று எழுதினேன். சொன்னால் டிஷ் அருகே விட மாட்டார்கள்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் எனக்கு டிஷ்ஷுக்கு அடியில் வேலை. மற்ற மாதங்களில் ஜெனரேட்டர் அறை. அந்தப் பல் தெரிவதும் அதே இரண்டு மாதம்தான். காதுக் கருவி வாங்கிய பிறகுதான் அது வந்தது. பயந்து ஒரு வாரம் கழற்றி வைத்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கப் பல் தெரியவில்லை.

விஞ்ஞானிகளிடம் ஏன் காட்டவில்லை என்ற உன் இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும். அது என் காதிலிருந்து வருகிறது என்றால் இரண்டு வருடமாக நாற்பது பேர் பார்த்த வேலையில் என் அழுக்கு கலந்திருக்கிறது. அவர்களிடம் போவதற்கு முன்னால் எனக்கு மட்டும் தெரிய வேண்டும். அதற்குத்தான் கம்ப்யூட்டர். வானத்தைப் பற்றி எழுதியதெல்லாம் பொய்யில்லை. ஆனால் இதையும் எழுதியிருக்க வேண்டும்.

உன் அண்ணன்


மே 22

அன்புள்ள அண்ணா,

கோபம் வந்தது. அழுகை அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "போன் பண்ணலைன்னு கோவிச்சுக்கிட்டது போகட்டும், வேன் முன்னாடி நிக்க வேணாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

மெஷினைப் புதிதாகக் கட்டிவிட்டேன். இரும்புப் பெட்டி. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டை நம் தெரு வெல்டிங்காரர் மடித்துக் கொடுத்தார். காற்றுப் போக ஓட்டைகள் போட்டேன், ஒவ்வொன்றும் கடுகளவு. அந்த ஓட்டை வழியாக அந்தப் பெரிய கார்டின் சூடு வெளியே போகாது. அதனால் ஒற்றை ஃபேன் வைத்த குட்டிக் கார்டு, பதினேழு சென்டிமீட்டர். ஒரு நாளில் முடிய வேண்டியது நான்கு நாள் ஆகும், ஆனால் முடியும். வைஃபை சில்லைப் பிடுங்கிவிட்டேன், ஏரியல் ஓட்டையைச் செப்புப் பட்டையால் அடைத்தேன். மூடியும் பெட்டியும் சேருமிடத்தில் பெயின்ட் இருந்தால் இரும்பும் இரும்பும் தொடாதாம், அந்த இடுக்கு வழியே கசியுமாம். உன் சோதனைக்காரருக்குத் தனியாகக் கடிதம் போட்டுக் கேட்டேன். ஓரத்துப் பெயின்டை எல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. என் கையால் கட்டியதில் இதுதான் உருப்படியானது.

ஒன்று சொல்கிறேன். அது உன் காதாக இருந்தால் போய்ச் சொல்லிவிடு. வானமாக இருந்தாலும் போய்ச் சொல்லிவிடு. இன்னொரு படிவத்தில் "இல்லை" என்று எழுதாதே.

உன் தங்கை


ஜூன் 14

அன்புள்ள குண்டூசிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்தானே. மெஷின் நிசப்த அறையில் தேறிவிட்டது. திரையில் கோடு அசையவே இல்லை. மெஷின் ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டுச் சோதனைக்காரர் கதவைத் திறந்து மூடியைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. "ஓடுதுதான்!" என்று என் முகத்துக்கு நேரே நின்று சொன்னார்.

என் தட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. நான்கு நாள் என்றாய், ஐந்து நாள் எடுத்தது. இன்று காலை திரையில் அது எழும்பியது. இரைச்சல் எல்லாம் படுத்துக் கிடக்க, நடுவில் ஒரே ஒரு முனை. கூர்மையாக, சுத்தமாக. ஒன்றே கால் இல்லை, ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு வருடத்திலும் ஒரே அளவு. நான் கண்டது பிரமை இல்லை, நிஜமாகவே ஒன்று வந்துகொண்டிருக்கிறது.

அடுத்து, அது ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில் வந்தது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு பட்டனைத் தட்ட வேண்டியதுதான். தட்டவில்லை. அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்து உனக்கு எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

உன் அண்ணன்


ஜூன் 19

அண்ணா,

நாங்கள் நலம். மெஷின் கட்டினவள் கேட்கிறேன், தட்டு.

குண்டூசி


ஜூன் 28

அன்புள்ள குண்டூசிக்கு,

வேன் வந்ததும் உன் கடிதத்தைப் பிரித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்த் தட்டினேன்.

டிசம்பர் பதினான்கு, பன்னிரண்டு ஐம்பது. பதினைந்து, பன்னிரண்டு நாற்பத்தாறு. பதினாறு, நாற்பத்திரண்டு. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இருபத்தெட்டு நாள் வரிசையாக இறங்கி, பதினொரு மணிக்குக் கீழே போய் மறைந்துவிட்டது. போன வருடமும் இதே படிக்கட்டு. நான் கருவியைக் கழற்றி வைத்த அந்த வாரத்திலும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து, அந்தந்தப் படியில் இருந்திருக்கிறது. நான் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, இரும்பு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு நான் வானத்தைப் பார்த்தேன். வாய்விட்டு அழுதேன்.

பிறகு தலைமை விஞ்ஞானி அம்மாவிடம் போனேன். காகிதத்தை ஒரு கையில், காதுக் கருவியை இன்னொரு கையில் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கருவியைத்தான் வாங்கினார்கள், நிசப்த அறைக்கு அனுப்பினார்கள். அப்புறம் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார்கள். தடித்த ஒரு பட்டியலைப் புரட்டி, என் பக்கம் முகத்தைத் திருப்பி மெதுவாகச் சொன்னார்கள். "இது வானத்துலேந்து வர்றதுதான். ஒரு செத்த நட்சத்திரம், சுத்திக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு துடிப்பு நம்ம பக்கம் வரும். ஆனா புதுசு இல்லீங்க. நாப்பது வருசத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க. இதுக்கு நம்பர்கூட இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏமாற்றமே இல்லை, நம்பு. என் அழுக்கு என்று நினைத்து இரண்டு வருடம் நான் நடுங்கிக்கொண்டிருந்தது, நம்பரோடு வானத்தில் உட்கார்ந்திருக்கிறது.

படிவத்தில் பொய் எழுதியதற்கு எச்சரிக்கைக் கடிதம் தருவார்கள். காதுக் கருவியிலிருந்தும் லேசாக அலை கசிகிறது, ஆனால் வேறு அலைவரிசையில். இரண்டு வருடப் பதிவிலும் அதைத் தேடிப் பார்க்க வேண்டும், அதுவரை டிஸ்க்குகளை அழிக்க மாட்டார்கள், தேடும் வேலைக்கு உன் மெஷினையும் கேட்டிருக்கிறார்கள். டிஷ் மேல் ஏறும் வேலை இனி எனக்கு இல்லை. அடுத்த மாதத்திலிருந்து நான் நிசப்த அறையில் உதவியாள். இருபத்திரண்டு வருடம் ஏறினவனுக்கு இது வலிக்கிறது, வலிக்கவில்லை என்று உனக்கு எழுத மாட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒருமுறை வாருங்கள். முகத்துக்கு நேரே பேசினால் புரிந்துகொள்வேன்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா பழைய பதிவு ஒன்றை எடுத்து, கட்டுப்பாட்டு அறையில் ஒலியாக மாற்றிப் போட்டார்கள். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வந்து நின்றார்கள். காதுக் கருவி இன்னும் சோதனையில் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் முகங்களைத்தான் பார்த்தேன். அத்தனை படித்தவர்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அசையாமல் நின்றார்கள். அந்த அம்மா என்னைக் கவனித்துவிட்டு என் கையைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்தார்கள்.

தட். தட். தட். அந்த நட்சத்திரத்திலிருந்து கிளம்பி மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறதாம், குண்டூசி. அது என் உள்ளங்கையில் தட்டியது. கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, எடுக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை.

உன் அண்ணன்